இரவு வேலை பார்க்கும் பாதுகாவல் அதிகாரி வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுக்கலாமா?

கேட்டவரின் நிலைமை இதுதான். வயது 25, சிங்கப்பூர்க் குடிமகன். கிழக்கே ஒரு காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை பாதுகாவல் அதிகாரி. வடக்கே உட்லண்ட்ஸில் பெற்றோரின் மூவறை வீட்டில் ஆறு பேர். பயணமே அலுத்துப்போகிறது என்பதால் காண்டோவுக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கலாமா, அல்லது வேலையையே விட்டுவிட்டு உணவு விநியோகத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார். வீடு வாங்குவது பற்றியும் கேட்டிருக்கிறார். அதற்கு ஒருவர், "இது ஓய்வுபெற்ற பெரியவர்கள் பார்க்கும் வேலை, இளைஞனுக்கு எதற்கு?" என்று ஒரே வரியில் பதில் எழுதிப் போயிருக்கிறார். அந்த வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி, நான் 2019இல், 24 வயதில், இந்த வேலைக்கான உரிமம் எடுத்தேன். இப்போது 31. இன்னும் இதே வேலைதான். பெரியவர்கள் பார்க்கும் வேலை என்பதில் எனக்குக் குறையே இல்லை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்த ஓர் அண்ணன். அவருக்கு அப்போதே ஐம்பத்தெட்டு வயது. தீ எச்சரிக்கை மணி அடித்தால் முதலில் எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும், குடித்துவிட்டு வருகிறவரிடம் எவ்வளவு தூரம் தள்ளி நின்று பேச வேண்டும், பதிவேட்டில் நேரத்தை நிமிடத்தோடு ஏன் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பயிற்சி வகுப்பில் இதில் பாதிகூட வரவில்லை. ஆகவே வயதைக் காட்டி இந்த வேலையைத் தள்ளுகிறவர்கள் ஒரே மூச்சில் இரண்டு தலைமுறையையும் அவமதிக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வேலையிடத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீடு ஈசூனில், உங்களுடையதைப் போலவே மூவறை வீடு. அப்பா அம்மா ஓர் அறையில், அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையும் இன்னோர் அறையில். எனக்குக் கூடம். இரவு வேலை முடித்து 969ஆம் எண் பஸ்ஸில் நின்றுகொண்டே கண்ணயர்ந்து, ஒன்பதரைக்கு வீடு சேர்ந்தால், கூடத்தில் தொலைக்காட்சி, சமையலறையில் குக்கர், குழந்தையின் அழுகை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பகல் என்பது விழித்திருப்பவர்களுக்கு உரியது. அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார், எனக்கு அதுவே சங்கடமாக இருக்கும். 2021 தொடக்கத்தில், தெம்பனிஸில் நான் வேலை பார்த்த காண்டோவிலிருந்து பதினைந்து நிமிட நடையில் ஓர் அறை கிடைத்தது. மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நாலறை வீடு. வீட்டுக்கார ஆன்டி தனியாக இருந்தார், இன்னோர் அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தார். வீவக, அதாவது அரசாங்க வீடுகளைக் கட்டி விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிப்படி அறை வாடகை குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். ஆன்டி ஓராண்டு ஒப்பந்தம் கேட்டார். ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கையில் வாங்கிய சம்பளம் அப்போது 1,700 வெள்ளியைச் சுற்றித்தான்.

அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில், கையால், பெரிய எழுத்துகளில் எழுதிய வீட்டு விதிகள். சமைக்கக் கூடாது. விருந்தினர் தங்கக் கூடாது. துணி துவைப்பது வாரம் ஒருமுறை. ஏர்கான் இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை மட்டும். அறை பார்க்கப் போன அன்றே அந்தத் தாளைப் படித்தேன். கடைசி விதி என்னைத்தான் அடிக்கப்போகிறது என்று அப்போது உறைக்கவில்லை. நல்ல ஜன்னல், நல்ல மெத்தை, நடந்தே வேலைக்குப் போகலாம் என்பதுதான் மனத்தில் நிறைந்திருந்தது.

முதல் நாள் காலை எட்டரைக்கு அறைக்கு வந்து குளித்துவிட்டு ஏர்கானைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆன்டி கதவைத் தட்டினார். கோபப்படவில்லை, தாளைத்தான் காட்டினார். அணைத்தேன். ஜன்னல் கிழக்குப் பார்த்தது, வெயில் நேராகக் கட்டிலின் மேல் விழுந்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். சரியாக ஒன்பது மணிக்கு மேல்மாடியில் துளையிடும் இயந்திரம் தொடங்கியது. வீவக வீடுகளில் சத்தம் எழுப்பும் புதுப்பிப்பு வேலைகளை வார நாள்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைதான் செய்யலாம். ஊர் தூங்குவதற்காகப் போட்ட விதி அது, நல்ல விதிதான். எனக்கு மட்டும் அது தலைகீழாக அமைந்தது. தேக்காவில் கறுப்புத் துணி இரண்டு கஜம் வாங்கிவந்து ஊக்குக் குத்தி ஜன்னலை மறைத்தேன். துண்டை நனைத்துக் காலில் போட்டுக்கொண்டு படுத்தேன். துண்டு காய்ந்ததும் விழிப்பு வந்துவிடும். மறுபடி எழுந்து நனைப்பேன். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம்தான் தூக்கம். விரிப்பை எடுத்துப் பார்த்தால் வியர்வை என் முதுகின் வடிவத்தில் படிந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணி ரோந்தில், நீச்சல் குளத்துக்குப் பின்னால், ரோந்து வந்ததைப் பதிவு செய்ய வேண்டிய ஒரு புள்ளியைப் பதிவு செய்யாமல் கடந்துபோய்விட்டேன். நடந்தது நினைவிருக்கிறது. நின்றேனா என்பது நினைவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு வந்த ஒரே கடிதம் அதுதான், அதனால் இன்றும் உறுத்துகிறது.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஆன்டியிடம் பேசினேன். "இரவு பத்து மணி நேரம் உங்கள் மின்சாரத்தை நான் தொடுவதே இல்லை. அதில் பாதியைப் பகலில் கொடுங்கள்" என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை போட்டுக்கொள், மாதம் நாற்பது வெள்ளி கூடுதலாகக் கொடு என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அறையை வாடகைக்கு விட்டபோது நினைத்தது காலையில் கிளம்பி இரவில் திரும்பும் ஆளை. பகல் முழுக்க வீட்டில் ஒரு வளர்ந்த ஆண் படுத்திருப்பது அவருக்கும் பழக்கமில்லை. அறை எடுக்கப் போகும்போது நான் இரவு வேலை என்று சொன்னேன், ஆனால் பகலில் தூங்குவேன் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன். கேட்பவருக்கு அது ஒன்றாகத் தெரியாது தம்பி. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இப்படி ஒருவழியாக எல்லாம் சரியானபோது எட்டாவது மாதம் வந்தது. காண்டோவின் நிர்வாகக் குழு ஏலம் விட்டதில் எங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. புதிய நிறுவனத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். கேட்டேன். அவர்கள் கண்காணிப்புக் கேமராக்களைக் கூட்டி, இரவுக்கு ஒரே ஆள் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த ஆள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார். என் மேற்பார்வையாளர் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். அடுத்த திங்கட்கிழமை முதல் துவாஸில் ஒரு கிடங்கு.

கிழக்கு மேற்கு ரயில் பாதையில் தெம்பனிஸ் இரண்டாவது நிலையம், துவாஸ் லிங்க் முப்பத்து மூன்றாவது. அங்கே இறங்கி மீண்டும் பஸ். ஈசூன் பயணம் தூரம் என்று சொல்லி வீட்டைவிட்டு வந்தவன், அதைவிடத் தூரத்தை நானே 600 வெள்ளி கொடுத்து வாங்கியதுபோல் ஆனது. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. முன்பணத்தை விட எனக்கு மனமில்லை. நான்கு மாதம் அப்படியே போய்வந்தேன். வேலை பன்னிரண்டு மணி நேரம், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஏர்கானுக்கு ஆன்டி கொடுத்த காலை ஒன்பது முதல் இரண்டு வரையில் முதல் ஒரு மணி நேரம் நான் இன்னும் ரயிலில்தான் இருப்பேன்.

இதனால்தான் சொல்கிறேன். நம் வேலையில் இடம் நமக்குச் சொந்தமில்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் பத்து வருடம் ஒரே கட்டடத்துக்குப் போகலாம். நமக்கு ஒப்பந்தம் ஓராண்டு, இரண்டாண்டு. அது முடியும்போது நம்மை யாரும் கேட்பதில்லை. இன்றைய காண்டோவை நம்பி ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படியானால் பெற்றோருடனேயே இருப்பதுதான் உத்தமம் என்கிறேனா? இல்லை. அதை எழுத வேறு பலர் வருவார்கள், "வாடகை கொடுப்பது வீண், அந்தப் பணத்தைச் சேர்த்து வீடு வாங்கு" என்று. அவர்கள் கூடத்தில் பகலில் தூங்கிப் பார்த்தவர்களாக இருந்தால் கேட்டுக்கொள்கிறேன். தூக்கமில்லாத பாதுகாவல் அதிகாரி தனக்கும் ஆபத்து, தான் காக்கும் இடத்துக்கும் ஆபத்து. உங்களால் பகல் வேலைக்கு மாற முடிந்தால் முதலில் அதைக் கேளுங்கள். பகலில் ஆள்கள் அதிகம், தொல்லை அதிகம், ஆனால் இரவில் வீடு உங்களோடு சேர்ந்து தூங்கும். நான் 2022இல் ஈசூனுக்குத் திரும்பியதும் செம்பவாங்கில் ஒரு பகல் வேலை கேட்டு வாங்கினேன். அறை இல்லாமலே அந்த ஒன்றரை ஆண்டு நன்றாகத்தான் போனது.

வேலையை விடுவது பற்றி. நம் சம்பளம் இப்போது பழைய நிலையில் இல்லை. படிப்படியாக உயரும் சம்பள முறையில், முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. ஆண்டுக்கு 220 வெள்ளி கூடி 2028இல் 3,530 ஆகும்படி வகுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு, 2026இல், 3,090. அதில் மத்திய சேம நிதி என்னும் கட்டாயச் சேமிப்புக்கு உங்கள் பங்கு 20 விழுக்காடு போக, கையில் 2,472 வெள்ளி வரும். முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். உங்கள் வயதில் மாதம் ஏறத்தாழ 710 வெள்ளி அந்த நிதியின் சாதாரணக் கணக்கில் விழும். வீட்டுக்குப் பயன்படப்போவது அந்தக் கணக்குதான். 2021 ஜனவரியிலிருந்து நமக்கும் கூடுதல் நேர வேலை மாதம் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் நாங்கள் பார்த்த மணி நேரத்தை நினைத்தாலே உடம்பு வலிக்கிறது.

விநியோக வேலையைத் தாழ்வாகச் சொல்லவில்லை, என் அண்ணனே இரண்டு வருடம் பார்த்தார். 2025 ஜனவரியிலிருந்து, செயலிவழி வேலை பார்ப்பவர்களுக்கான தள ஊழியர்கள் சட்டமும் வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த விநியோக ஊழியர்களுக்குச் சேம நிதி கட்டாயம், அந்த விகிதம் படிப்படியாக நம் அளவுக்கு உயரும். ஆனாலும் மழை நாளும் வருமானம்தான், காய்ச்சல் நாளும் வருமானம்தான் என்று இருப்பது மாதச் சம்பளம் ஒன்றுதான். வீட்டு மானியத்துக்கு, விண்ணப்பிக்கும் முன் தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். எந்த வேலைக்கு மாறினாலும் நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். தனியாக வாங்க 35 வயது ஆக வேண்டும். 2013 ஜூலைக்கு முன் திருமணமாகாதோர் வீவகவிடமிருந்து புதிய வீடு வாங்கவே முடியாது, மறுவிற்பனை வீடுதான். இப்போது ஈரறை ஃபிளெக்சி எனும் சிறிய வீடு வாங்கலாம், 2024 அக்டோபரிலிருந்து எல்லா வட்டாரங்களிலும் விண்ணப்பிக்கலாம். மாத வருமானம் 4,500 வெள்ளிக்குள் இருந்தால் தனியாளுக்கு 60,000 வெள்ளி வரை மானியம் உண்டு, வருமானம் கூடக் கூட அது குறையும். தம்பதியருக்கு 120,000 வரை. திருமணம் செய்பவர்கள் 21 வயதிலேயே வாங்கலாம்.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காதது, மன்னியுங்கள்.

"கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்" என்று எங்கள் பாட்டி சொல்வார். எனக்கு அது வீட்டு விஷயத்தில் நடந்தது. 2023 பங்குனி உத்திரத்தன்று ஈசூன் கோயிலில் ஒரு குடும்பத்தை அம்மா சந்தித்தார். பெண்ணுக்கும் எனக்கும் அறிமுகம் உண்டு, அவருக்கும் விருப்பம்தான். பெண்ணின் அப்பா என்னிடம் முதலில் கேட்டது வீடு இருக்கிறதா என்று. நிச்சயம் செய்தால் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம் என்றேன். தலையாட்டினார். அப்புறம் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, குரலைக்கூடத் தாழ்த்தாமல், "ஜாகாவா?" என்றார்.

இளையவர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். மலாயில் காவல் காப்பதற்கு ஜாகா என்பார்கள். அந்தக் காலத்தில் வங்கிகள், கிடங்குகள் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு இரவெல்லாம் காவல் இருந்த சீக்கியர்களை அப்படித்தான் அழைத்தார்கள். பிறர் உடைமையைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயரால் என்னை அழைத்தால் எனக்கு இழுக்கு இல்லை. ஆனால் அவர் அதை எந்தக் குரலில் சொன்னார் என்பது என் காதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கொவிட் காலத்தில் வாசலில் நின்று உடல் வெப்பம் பார்த்தவர்கள் நாங்கள். "நீ யார் என்னைத் தடுக்க?" என்று கத்தியவர்களின் எச்சில் எங்கள் முகக்கவசத்தில் தெறித்தது. பாதுகாவல் அதிகாரிகளைத் தாக்குவோர், தொல்லை கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்கத் தனியாகச் சட்டத் திருத்தமே 2022 மே மாதம் நடப்புக்கு வந்தது. ஜூலை 24 எங்களுக்கான நாள். அன்று குடியிருப்பாளர்கள் சிலர் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பார்கள், மனமார வாங்கிக்கொள்கிறேன். வேற்று இனத்துப் பெரியவர்கள் என்னை "சார்" என்று அழைத்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில்தான் என் மாமா என்னை அறிமுகப்படுத்தும்போது "ஒரு கம்பெனியில் இருக்கிறான்" என்று மென்று விழுங்குகிறார். நம் தமிழ்ச் சமூகம் முழுவதும் இப்படி என்று சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லாரும் அப்படி இல்லை என்று கீழே எழுத வருபவர்கள், அந்த இடத்தில் என்னோடு நின்றிருக்க வேண்டும்.

போதும். இப்போது எங்கே இருக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன்.

2024இல் நிறுவனம் என்னை மீண்டும் இரவுக்கு மாற்றியது, மூத்த பாதுகாவல் அதிகாரியாக. அண்ணனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. இந்த முறை அறை தேடும்போது வேலையிடத்தைப் பார்க்கவில்லை, ரயில் வரைபடத்தைப் பார்த்தேன். பாய லேபார் நிலையத்தில் கிழக்கு மேற்குப் பாதையும் வட்டப் பாதையும் சந்திக்கின்றன. எங்கே அனுப்பினாலும் அங்கிருந்து போய்ச் சேரலாம், நல்லதோ கெட்டதோ எல்லா இடமும் நடுத்தரத் தூரம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய புளோக்கில் அறை. 900 வெள்ளி. தெம்பனிஸைவிட அதிகம்தான், எனக்கு அது வலிக்கிறது, மறைக்கவில்லை. "இந்தியர்களுக்கு இல்லை" என்று தொலைபேசியிலேயே சொன்ன இரண்டு பேரைத் தாண்டித்தான் இது கிடைத்தது.

வீட்டுக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர், பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். மலாய்ப் பெரியவர்களை மரியாதையாகப் பாக்சிக் என்று அழைப்போம். அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட்டேன்: "பாக்சிக், நான் காலை ஒன்பது மணிக்கு வருவேன், மாலை நான்கு வரை தூங்குவேன். அந்த நேரத்தில் ஏர்கான் வேண்டும். இரவில் வேண்டாம். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குத்தான் போடுவேன், ஒத்துவந்தால் நீட்டிக்கலாம்." அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தானும் முப்பது வருடம் விடியற்காலை வண்டி எடுத்தவன் என்றார். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை அவரே வாங்கிப் போட்டார். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். தூக்கத்தில்கூட எனக்கு அது தெரியும்.

அறை பார்க்கப் போகும்போது பகல் பதினொரு மணிக்குப் போங்கள் தம்பி, மாலையில் போகாதீர்கள். வெயில் எங்கே விழுகிறது, பக்கத்தில் பள்ளிக்கூட மணி கேட்கிறதா, மேலே கீழே யாராவது வீட்டைப் புதுப்பிக்கிறார்களா என்று பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மின்தூக்கி அறிவிப்புப் பலகையில் புதுப்பிப்பு வேலை அறிவிப்பு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் இருக்கும் கட்டடத்தின் ஒப்பந்தம் இந்த மாத இறுதியில் முடிகிறது. அடுத்து எங்கே என்று மேற்பார்வையாளர் இன்னும் சொல்லவில்லை. அறை வாடகையை நேற்றே பாக்சிக்கிடம் கொடுத்துவிட்டேன்.